காயாத கானகத்தே: 100 வருஷப் பாட்டுல வள்ளியோட பதில் எங்கே போச்சு?

வத்தலக்குண்டில் பஸ் ஏறி, பட்டிவீரன்பட்டி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுத்தி முடிச்சா தாண்டிக்குடி. கொடைக்கானல் மாதிரி போட்டிங், குதிரை சவாரி எல்லாம் கிடையாது. நிழல் மரங்களுக்குக் கீழே காபிச் செடி, அந்த மரங்களிலேயே ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி, நடுநடுவே மலைவாழை, ஆரஞ்சு. வெயில் மாசத்திலும் தரை ஈரம் காயாது.

ஊர்ப் பேருக்கு இங்கே ஒரு கதை சொல்வாங்க. முருகன் இந்த மலையில இருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதிச்சாராம். 'தாண்டிக் குதி'தான் தாண்டிக்குடி ஆச்சாம். பாலமுருகன் கோயிலும் இருக்கு. மொழி ஆய்வாளர்கள் இதை ஒத்துக்குவாங்களாங்கிறது வேற விஷயம். ஆனா முருகன், மலை, காடு, காவல் பரண், பயிரை மேய வர்ற மிருகம்னு ஒரு பழைய நாடகத்தோட மொத்த செட்டும் இந்த ஊரில் அப்படியே நிக்குது. தினைக்குப் பதிலா இப்போ காபி, வாழை. கிளியை விட காட்டுமாடும் பன்றியும்தான் பெரிய தலைவலி. மத்தபடி சீன் அதேதான்.

அந்த நாடகம் 'வள்ளி திருமணம்'. அதில் வேடன் வேஷத்தில் வர்ற முருகன், தினைப்புனத்தில் காவல் நிக்கிற வள்ளியைப் பார்த்ததும் பாடுற பாட்டுதான் 'காயாத கானகத்தே'. பாட்டு தெரியாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு க்ளூ. 2017 தீபாவளிக்கு வந்த வைபவ், பிரியா பவானி சங்கர் படம் 'மேயாத மான்' ஞாபகம் இருக்கா? அந்தப் பேரு இந்தப் பாட்டுக்குள்ள இருந்து எடுத்தது.

அமெரிக்காவில் இந்த மாதிரிப் பாட்டுக்கு 'ஷோ ட்யூன்'னு பேரு. நாடகத்துக்காக எழுதி, நாடகத்தை விட்டு வெளியே வந்து, நாடகத்தையே பார்க்காதவங்க வாயிலும் புகுந்துக்கிற பாட்டு. அங்கே இதுக்கு ஆரம்ப உதாரணமா சொல்றது 'ஆஃப்டர் தி பால்'. 1892-ல் சார்லஸ் ஹாரிஸ்ங்கிறவர் வெளியிட்டார். அவருக்கு இசைக் குறிப்பு எழுதக்கூடத் தெரியாது. 'எ ட்ரிப் டு சைனாடவுன்'னு ஓடிக்கிட்டிருந்த ஒரு நாடகத்துக்குள்ள அதைச் செருகினாங்க. நாடகக் கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா பாட்டு அச்சடிச்ச தாள் மட்டும் 50 லட்சம் பிரதிக்கு மேல வித்தது. ஹாரிஸ் தானே பதிப்பிச்சதால காசு முழுக்க அவர் பைக்குப் போச்சு.

நம்ம பாட்டோட கதை அப்படியே தலைகீழ். எழுதினவர் கைக்குப் பெருசா எதுவும் போகலை. அதோட இது எங்கிருந்தோ செருகின பாட்டும் இல்லை. ஒரு வாக்குவாதத்தோட முதல் பாதி. வெளியே வந்தப்போ முதல் பாதி மட்டும்தான் வந்துச்சு. மறுபாதி மேடையிலேயே தங்கிடுச்சு.

எழுதினவர் ஒரு சாமியார்

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதல்ல நடிகர். எமன், சனீஸ்வரன் மாதிரி வேஷம்னா ஆள் மிரட்டிடுவாராம். அவர் வேஷத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைஞ்சுபோச்சு, அதோட வேஷம் கட்டுறதையே விட்டுட்டார்னு நாடகக்காரங்க சொல்வாங்க. அப்புறம் எழுதுறது, சொல்லிக்கொடுக்கிறது மட்டும்தான். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடிச்சதா அவருடைய மாணவர் அவ்வை டி.கே.சண்முகம் பதிவு பண்ணியிருக்கார். 1918-ல் மதுரையில் சுவாமிகள் ஆரம்பிச்ச 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வில் சின்னப் பையனாச் சேர்ந்தவர் சண்முகம். முழுக்கப் பசங்களே நடிக்கிற 'பாய்ஸ் கம்பெனி' அது.

கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து சுவாமிகளுக்குப் பேச்சே போயிடுச்சு. ஊர் ஊரா மத்தவங்க பேசுற வசனத்தை எழுதினவர், பேச முடியாமலே 1922 நவம்பரில் பாண்டிச்சேரியில் இறந்துபோனார்.

அவர் செஞ்ச பெரிய வேலை என்னன்னு கேட்டா, ஒரு பாட்டையோ ஒரு நாடகத்தையோ மட்டும் சொல்ல மாட்டேன். நடிகர்களுக்குப் பொதுவான ஒரு பாடத்தைக் கொடுத்தாரே, அதைத்தான் சொல்வேன். எந்த சீனுக்கு எந்தப் பாட்டு, எந்த வசனத்துக்கு எந்த வசனம் பதில்னு ஒரு ஒழுங்கு வந்தது. அதனாலதான் 'ஸ்பெஷல் நாடகம்'னு ஒண்ணு சாத்தியமாச்சு.

ஸ்பெஷல் நாடகம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: இதுக்குக் கம்பெனி கிடையாது. ரிகர்சல் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாப் பேசி, ஒரே ஒரு ராத்திரிக்கு வரவழைப்பாங்க. மேக்கப் போடும்போதுதான் சில பேர் முதல் தடவையா முகம் பார்த்துக்குவாங்க. ஆனா விடிய விடிய நாடகம் பிசிறில்லாம ஓடும். காரணம், எல்லாருக்கும் ஒரே சுவாமிகள் பாடம் மனப்பாடம். கிரிக்கெட்டுல எந்த நாட்டுக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ரூல் ஒண்ணுதானே, அந்த மாதிரி.

மைக் இல்லாத காலத்துக் குரல்

பாட்டை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. பிறந்தது 1906. சின்ன வயசிலேயே மேடையேறினவர். பின்னாடி கன்னையா கம்பெனியில் பெரிய ஸ்டார்.

அவர் ரெக்கார்டை இப்போ யூடியூப்ல கேட்டா முதல்ல ஒரு அதிர்ச்சி வரும். ஆம்பளைக் குரலா இது, இவ்வளவு மேலே? அன்னிக்கு மேடையில் மைக் இல்லை. கடைசி வரிசையில் தரையில உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேட்கணும்னா தொண்டைதான் ஸ்பீக்கர். சுருதியை 'கட்டை'ங்கிற கணக்கில் சொல்வாங்க. ஆர்மோனியத்தில் வரிசையா வர்ற வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த வழக்கு. ஆண்கள் சாதாரணமா ஒண்ணு, ஒண்ணரைக் கட்டையில் பாடுவாங்க. கிட்டப்பா ஐந்து கட்டையில் பாடுவார்னு சொல்வாங்க. பொம்பளைங்க பாடுற உயரம் அது.

அந்த உயரத்தில் அவருக்கு ஜோடி கிடைக்கிறது கஷ்டம். கிடைச்சது இலங்கையில். 1926-ல் கொழும்பில் நாடகம் போட வந்த இடத்தில் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் சந்திச்சாங்க. அவருக்கு 20 வயசு, அவருக்கு ஈடா நின்ன அந்தம்மாவுக்கு 18. 'வள்ளி திருமணம்' ரெண்டு பேருக்கும் கைவந்த நாடகம். அவர் வேலன், அவங்க வள்ளி.

இங்கேதான் பாட்டோட உண்மையான வடிவத்தைக் கவனிக்கணும். வேடன் வர்றான். ஒரு மானைத் துரத்திக்கிட்டு வந்தேன், இந்தப் பக்கம் வந்துச்சா பார்த்தியான்னு ஒரு சாக்கு. பாட்டுக்குள்ள அந்த மானை வர்ணிக்க வர்ணிக்க, அது நாலு கால் மான் இல்லைன்னு நமக்குப் புரியுது. மேயாத மான் அதுதான்: புல் மேயாத மான், அதாவது எதிரே நிக்கிற பொண்ணு. கொஞ்சம் க்ரிஞ்ச் இல்லையான்னு கேட்கலாம். வேலை நேரத்தில், ஆள் இல்லாத காட்டில், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் வந்து 'மான் பார்த்தியா'ன்னு வழியுறான். இன்னிக்கு டி.எம்.ல வந்தா உடனே பிளாக் பண்ணுவோம்.

வள்ளியும் அதைத்தான் செய்யறா. அதுக்குப் பேர் தர்க்கம். நீ யாரு, எந்த ஊரு, மான் வந்தா காலடித் தடம் எங்கே, அடுத்தவன் தோட்டத்துல உனக்கென்ன வேலைன்னு கேள்வி மேல கேள்வி. அவன் ஒரு பாட்டுப் பாடினா இவ ஒரு பாட்டு. அவன் ஒரு செய்யுளைச் சொன்னா, இவ அதிலேயே ஓட்டை கண்டுபிடிப்பா. இதில் எழுதி வெச்ச பாடமும் இருக்கும், அங்கேயே அந்த நிமிஷமே கட்டுறதும் இருக்கும். ரிகர்சல் இல்லாத நாடகம்கிறதால, எதிர் ஆள் அடுத்து என்ன கேட்கப்போறார்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. ஸ்டாண்ட்-அப்பும் ராப் பேட்டிலும் சேர்ந்த மாதிரி. வேலனுக்கு முன்னாடி நாரதரோட ஒரு ரவுண்டு தர்க்கம் வேற நடக்கும். நல்ல ஸ்திரீபார்ட்டுக்கு அழகு, குரல் மட்டும் பத்தாது. புராணம் தெரியணும், தமிழ் தெரியணும், வாய் வேணும்.

அதனால மேடையில 'காயாத கானகத்தே' ஒரு கேள்வி. பதிலுக்கு அரை மணி நேரம், சில ராத்திரி அதுக்கு மேலயும் ஆகும்.

மூணு நிமிஷத் தட்டு

கிராமபோன் வந்தது. 78 சுத்து இசைத்தட்டில், 10 அங்குல சைஸ்னா, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணு நிமிஷம்தான். அதுக்குள்ள ஆலாபனை, பாட்டு, முத்தாய்ப்பு எல்லாம் முடிச்சாகணும். கிட்டப்பா முடிச்சார், பிரமாதமா. வள்ளிக்கு இடமில்லை.

இது யாரும் சதி பண்ணிச் செஞ்சது இல்லை. தட்டோட அளவு அப்படி. குஜிலிப் பதிப்புன்னு சொல்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் ரோட்டோரம் வித்துக்கிட்டிருந்த காலம். அதிலும் பாட்டு அச்சாகும், அந்தந்த ராத்திரி தர்க்கம் எப்படி அச்சாகும்? கேட்டவங்களுக்கு அது 'கிட்டப்பா பாட்டு' ஆயிடுச்சு. சுவாமிகள் பேரும் பின்னாடி போச்சு, எதிர்ல நின்னவ பேரும் போச்சு.

1927-ல் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. சேர்ந்து வாழ்ந்த காலம் கொஞ்சம். பிரிவு, கடிதங்கள், கோபம்னு போன கதை அது. 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். வயசு 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்னிலிருந்து வெள்ளைப் புடவை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியா நடிக்கறதில்லைன்னு முடிவு. 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினாங்க. அன்னிக்கு நாடே வாய் பிளந்த தொகை. அதிலும் போட்டது ஆண் வேஷம், நந்தனாரே அவங்கதான். அப்புறம் 'அவ்வையார்', 'திருவிளையாடல்'. பழனிக் கதையில் கோவிச்சுக்கிட்டு நிக்கிற முருகனைச் சமாதானப்படுத்துற அவ்வையா அவங்களைத்தான் நமக்குத் தெரியும். வேலன்கிட்ட மல்லுக்கு நின்ன அந்த 18 வயசு வள்ளி எந்தப் படத்திலும் இல்லை.

கொடுமுடிக்கும் இந்த மலைக்கும் வேற ஒரு தொடர்பு உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரித் தண்ணியைத்தான் தீர்த்தக் காவடியாப் பழனிக்குத் தூக்கிட்டு வருவாங்க.

சினிமாவும் அதையே செஞ்சது

1933-லேயே 'வள்ளி திருமணம்' பேசும் படமா வந்தாச்சு. வள்ளி டி.பி.ராஜலட்சுமி. ஆனா பாட்டுக்கு ரெண்டாவது ஆயுள் கொடுத்தது 1945-ல் ஏவி.எம். எடுத்த 'ஸ்ரீ வள்ளி'. முருகன் டி.ஆர்.மகாலிங்கம். சோழவந்தான் பக்கம் தென்கரைக்காரர். தாண்டிக்குடியில் இருந்து இறங்கி மதுரைக்குப் போறவங்களுக்குப் பக்கத்து ஊர்தான். கிட்டப்பா பாணியில் உச்சத்துக்குப் போற குரல். 'காயாத கானகத்தே'வை அவர் பாடினதும், தாத்தா பாட்டிகளுக்கு இது 'மகாலிங்கம் பாட்டு' ஆயிடுச்சு.

வள்ளியா நடிச்சவர் குமாரி ருக்மணி. அந்தக் காலத்தில் நடிக்கிறவங்கதான் பாடணும். அவங்களும் பாடினாங்க. படம் எடுத்து முடிச்ச பிறகு, மகாலிங்கத்தோட குரலுக்கு முன்னாடி இது எடுபடலைன்னு மெய்யப்ப செட்டியாருக்குத் தோணிடுச்சு. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வெச்சு, ருக்மணியோட வாயசைவுக்குப் பொருத்தி, பாட்டுகளை மாத்தினார். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு வளர்ந்த கதையில் இது ஒரு முக்கியமான கட்டம்னு சினிமா வரலாறு எழுதறவங்க குறிப்பிடுவாங்க. டெக்னிக்கலா அது பெரிய சாதனைதான். எனக்கு உறுத்துறது ஒண்ணுதான்: தட்டுல வள்ளிக்கு நேரம் இல்லை, சினிமாவுல அவ குரலே அவளோடது இல்லை.

இதே மாதிரி ஒரு பாட்டு பல காலத்துக்கும் மாறி மாறி வர்றது அமெரிக்காவிலும் உண்டு. 1927 டிசம்பரில் பிராட்வேயில் அரங்கேறின 'ஷோ போட்' நாடகத்தில், அந்தப் பழைய 'ஆஃப்டர் தி பால்' பாட்டையே மறுபடியும் ஒரு காட்சியில் வெச்சாங்க, 1890-கள் ஞாபகம் வரணும்னு. நம்ம ஊரில் அதே வேலையை 'மேயாத மான்' பண்ணிச்சு. ஹீரோ ஒரு லைட் மியூசிக் பாடகர். காதலைச் சொல்ல முடியாம வருஷக்கணக்கா மனசுலயே வெச்சிருக்கிறவர். முருகன் ஒரே பாட்டில் சொன்னதைச் சொல்லத் தெரியாத ஒருத்தர் படத்துக்கு அந்தப் பேரு. வெச்சவங்களுக்கு ஒரு சபாஷ்.

பதில் இன்னும் உயிரோட இருக்கிற இடம்

மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் கோயில் திருவிழாவுக்கு இப்போவும் நாடகம் வெப்பாங்க. பங்குனி, சித்திரை, வைகாசின்னு சீசன். நாடகம் வெக்கிறதுன்னா முதல்ல வர்ற பேர் 'வள்ளி திருமணம்'தான். கல்யாணத்துல முடியிற கதை, ஊருக்கு நல்லதுன்னு நம்பிக்கை.

சுவத்து நோட்டீஸைப் பார்த்திருப்பீங்க. சின்னச் சின்ன போட்டோ, கீழே பேரு, ஊரு: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு. ஆல்ரவுண்டுன்னா கிரிக்கெட் இல்லை. டோலக்கு, ஜால்ரா, சவுண்ட் எஃபெக்ட்னு எல்லாத்தையும் ஒரே ஆளாப் பார்த்துக்கிறவர். ஆர்மோனியக்காரர் காலால பெடல் போட்டு வாசிச்சுக்கிட்டே பின்பாட்டும் பாடுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல பபூன் வருவார். வள்ளி பரண் ஏறும்போது நடுராத்திரி தாண்டிடும். முன்வரிசைப் பசங்க சாக்கு விரிச்சுத் தூங்கியிருப்பாங்க. யானை வர்ற சீனுக்கு எழுப்பி விடுவாங்க. கல்யாணம் முடியறப்போ கிழக்கு வெளுக்கும்.

அந்த ஸ்திரீபார்ட் அம்மாக்களோட வாழ்க்கை பத்தி தமிழ்ல வந்ததை விட, வெளியே இருந்து வந்த ஒருத்தர் விரிவா எழுதியிருக்கார். அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர். மதுரையில் தங்கி, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடயே சுத்தி, 2005-ல் 'ஸ்டிக்மாஸ் ஆஃப் தி தமிழ் ஸ்டேஜ்'னு புத்தகமாப் போட்டார். மேடையில நாலாயிரம் பேர் முன்னாடி ஆம்பளையை வாயடைக்க வெக்கிற பொண்ணு, நாடகத்துக்குப் போய்வர்ற வழியில் யார் கண்ணிலும் படாம, நல்ல குடும்பத்துப் பொண்ணா தெரியறதுக்கு எவ்வளவு பாடுபடறாங்கன்னு அதில் ஒரு பெரிய பகுதியே இருக்கு. காரணம் ஒத்தைச் சொல்: கூத்தாடி. பாட்டை ரசிச்ச ஊரே அந்தச் சொல்லையும் வெச்சிருக்கு. வாடகைக்கு வீடு தேடினா, பிள்ளைக்குப் பொண்ணு பார்த்தா, அந்தச் சொல் முன்னாடி வந்து நிக்கும்.

இன்னிக்கு வேற பிரச்னைகளும் உண்டு. விடிய விடிய ஸ்பீக்கர் போட அனுமதி கிடைக்கிறது சிரமம். சில ஊர்ல நாடகத்துக்குப் பதிலா லைட் மியூசிக். ஆடல் பாடல் பக்கம் கூட்டம் ஓடினா, முதல்ல வெட்டுப்படுறது தர்க்கம்தான். நாடகமே நாலு மணி நேரமாச் சுருங்கினா, பாட்டை யாரும் வெட்ட மாட்டாங்க, பதிலை வெட்டுவாங்க. கிராமபோன் தட்டு செஞ்ச அதே வேலை. ஒரு சீசனுக்கு இத்தனை ராத்திரின்னு கணக்கு வெச்சுப் பிழைக்கிறவங்களுக்கு இது வெறும் கலை விஷயம் இல்லை. தர்க்கம் பேசத் தெரிஞ்சதால கிடைச்ச மரியாதையும் சம்பளமும் அதோட போகும்.

பாட்டுக்கு ராயல்டி யாருக்கும் வராது. எழுதினவர் இறந்து 60 வருஷம் ஆனா நம்ம சட்டப்படி எழுத்து பொதுச் சொத்து. சுவாமிகள் இறந்து 100 வருஷம் தாண்டியாச்சு. ரீல்ஸ்ல பாடலாம், ராப்பா மாத்தலாம், படத்துக்குப் பேர் வெக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம்.

எப்படிக் கேட்கலாம்?

முதல்ல கிட்டப்பா தட்டு. ஹெட்போன் போட்டுக்கோங்க. கரகரப்பு இருக்கும், ஒரு நிமிஷத்துல காது பழகிடும். அடுத்து 1945 மகாலிங்கம். ரெண்டுக்கும் நடுவில் மைக் வந்து பாட்டை எவ்வளவு மென்மையாக்கியிருக்குன்னு கவனிங்க. உச்சம் அதேதான், ஆனா கத்த வேண்டிய கட்டாயம் குறைஞ்சிருக்கும்.

மூணாவதுதான் முக்கியம். யூடியூப்ல 'வள்ளி திருமணம் நாடகம்'னு தேடினா, ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவில் யாரோ முக்காலியில கேமரா வெச்சு எடுத்த அஞ்சு மணி நேர, ஆறு மணி நேர வீடியோக்கள் வரும். வெளிச்சம் சுமாரா இருக்கும், நடுவுல ஊர்ப் பெரியவருக்குப் பொன்னாடை போத்துவாங்க, மொய் எழுதினவங்க பேரை மைக்கில் வாசிப்பாங்க. பொறுமையாத் தள்ளிக்கிட்டே போனா வேடன் வருவான், 'காயாத கானகத்தே' பாடுவான். கைதட்டு விழும். அங்கே வீடியோவை மூடிடாதீங்க. வள்ளி இன்னும் வாயே திறக்கலை.